பதினான்கு சைக்கிள்கள்

குருவைத் தேடி மலைக்குப் போனவர்கள் உண்டு. சிற்றம்பலம் போனது ஊருக்கு வெளியே இருந்த குப்பைக் கிடங்குக்கு. குருவைத் தேடியும் அவர் போகவில்லை. ஓடாத சைக்கிள் ஒன்றைத் தூக்கிப் போடப் போனார்.

அப்போது அவருக்கு அறுபது வயது. மோட்டார் பம்பு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் தரச் சோதனை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பாகம் நூலளவு பிசகியிருந்தாலும் அதன்மேல் சிவப்புப் புள்ளி வைத்துத் தள்ளிவிடுவார். அவர் தள்ளியதை அங்கே யாரும் திரும்ப எடுத்ததில்லை.

கிடங்கின் தகரக் கொட்டகையில் ஒரு பெண் பிளாஸ்டிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். பெயர் மாரிக்கொழுந்து. வயது முப்பத்தெட்டு. கிடங்கைக் குத்தகைக்கு எடுத்த ஒப்பந்தக்காரரிடம் குப்பை பிரிக்கும் வேலை. வேலை நேரம் போக, குப்பையோடு வரும் சைக்கிள்களைச் சரிசெய்வார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. கழற்றிக் கழற்றி மாட்டித் தெரிந்துகொண்டது.

"என்ன பழுது?" என்று கேட்டார் மாரிக்கொழுந்து.

"ஓடாது."

"ஓடாதுன்னா?"

"மிதிச்சா பெடல் மட்டும் சுத்துது. சக்கரம் சுத்தல."

மாரிக்கொழுந்து சைக்கிளைப் படுக்க வைத்தார். பின்சக்கரத்தைக் கழற்றினார். பல்சக்கரத்துக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுப் பிளாஸ்டிக் பிரிக்கப் போய்விட்டார். அரை மணி கழித்து வந்து ஒரு கட்டையால் நாலு தட்டுத் தட்டினார். கட்டியாகிக் கிடந்த பழைய கிரீஸ் கறுப்பாக வழிந்தது. சக்கரத்தை மாட்டினார்.

"ஏறுங்க."

சிற்றம்பலம் கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சைக்கிள் சத்தமில்லாமல் ஓடியது.

"இதைத் தூக்கிப் போட எத்தனை நாள் யோசிச்சீங்க?"

"யோசிக்கவே இல்ல."

மாரிக்கொழுந்து பிளாஸ்டிக் பிரிக்கத் திரும்பினார்.

மறுநாள் காலை சிற்றம்பலம் அதே சைக்கிளில் வந்து நின்றார்.

"எனக்கு இதைச் சொல்லித் தருவீங்களா?"

"நீங்க வயசுல பெரியவங்க. நான் குப்பை பிரிக்கிறவ."

"தெரியும்."

"சொன்னதைச் செய்யணும். பாதியில ஏன்னு கேட்கக் கூடாது."

"முடிஞ்சதுக்கப்புறம் கேட்கலாமா?"

மாரிக்கொழுந்து சிரித்துவிட்டார். "கேட்கலாம்."

அன்றிலிருந்து சிற்றம்பலம் அவரை வாத்தியாரம்மா என்று கூப்பிட்டார். கிடங்கில் எல்லோரும் சிரித்தார்கள். சிற்றம்பலம் சிரிக்கவில்லை.

முதல் வேலையாகக் கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடந்த நாற்பது சைக்கிள்களைக் காட்டினார் மாரிக்கொழுந்து.

"பாத்து வைங்க."

சிற்றம்பலம் பையிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்தார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். மாலைக்குள் முப்பத்தொன்பதில் குறி விழுந்திருந்தது.

"ஒண்ணுதான் தேறும் வாத்தியாரம்மா."

மாரிக்கொழுந்து ஈரத்துணியைக் கொடுத்தார்.

"எல்லாத்தையும் அழிங்க."

அவர் அழித்தார். முடித்த பிறகு கேட்டார். "நான் பாத்தது தப்பா?"

"தப்பில்ல. ஒவ்வொண்ணுலயும் என்ன இல்லைன்னு பாத்திருக்கீங்க. நாளைக்கு வந்து என்ன இருக்குன்னு சொல்லுங்க."

மறுநாள் அவர் சொல்லச் சொல்ல மாரிக்கொழுந்து கழற்றினார். ஒன்றில் நல்ல ஹேண்டில்பார் இருந்தது. ஒன்றில் செயின். தரையோடு துருப்பிடித்துக் கிடந்த ஒன்றில் புத்தம்புதிய பெல். மூன்று நாளில் ஏழு சைக்கிள்களிலிருந்து ஒரு சைக்கிள் எழுந்து நின்றது.

"இது யாருக்கு?" என்று கேட்டார் சிற்றம்பலம்.

"இது ஒண்ணு பத்தாது. பதினாலு வேணும்."

நகரத்துத் தெருக்களைப் பெருக்கும் பெண்கள் பதினாறு பேர் இருந்தார்கள். அவர்களுடைய வீடுகளை ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி மாற்றிக் கொடுத்திருந்தார்கள். ஒப்பந்தக்காரர் அனுப்பிவந்த வண்டி சித்திரை மாதத்தோடு நின்றுபோனது. காலை ஐந்தரைக்குள் கிடங்கு வாசலில் இருக்கும் இயந்திரத்தில் கைரேகை வைக்க வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் அன்று வரவில்லை என்று பதிவாகும். மாதத்தில் ஐந்து நாள் அப்படிப் பதிவானால் வேலையிலிருந்து நீக்கம். இரண்டு பேர் அப்படிப் போய்விட்டார்கள். மிச்சம் பதினான்கு பேர்.

சிற்றம்பலத்துக்குச் சக்கரங்களின் கோட்டம் எடுக்கும் வேலை கிடைத்தது. அவர் கம்பிகளை இறுக்கினார், தளர்த்தினார், சுழற்றிப் பார்த்தார், மறுபடி இறுக்கினார். மூன்று நாள் ஆகியும் முதல் சக்கரத்தை அவர் கீழே வைக்கவில்லை.

"இன்னும் முடியலையா அய்யா?"

"ரெண்டு மில்லிமீட்டர் ஆடுது."

"ஆடட்டுமே."

"எவ்வளவு ஆடலாம்? அதுக்கு ஒரு அளவு வேண்டாமா? நீங்களே சொல்லுங்க, அதுப்படி செய்றேன்."

மாரிக்கொழுந்து சக்கரத்தை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"நாளைக்கு ஓபுளம்மாகூட நடந்து வாங்க."

ஓபுளம்மா பதினான்கு பேரில் ஒருவர். ஐம்பத்திரண்டு வயது. வலது முழங்கால் வீங்கியிருக்கும். விடிவதற்கு முன்பே சிற்றம்பலம் அவர் வீட்டுக்குப் போய்த் தன் சைக்கிளை அங்கேயே நிறுத்திவிட்டு அவரோடு நடந்தார். லாரிகள் உரசிக்கொண்டு போயின. மூன்றாவது கிலோமீட்டரில் ஓபுளம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஐந்தாவதில் நொண்ட ஆரம்பித்தார்.

"கொஞ்சம் உட்காரலாமா?" என்று கேட்டார் சிற்றம்பலம்.

"உட்கார்ந்தா எந்திரிக்க முடியாதுங்க."

அவர்கள் வந்தபோது மணி ஐந்து முப்பத்து நான்கு. ஓபுளம்மா விரலை வைத்தார். இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. மேற்பார்வையாளர் தனசேகர் நாற்காலியிலிருந்து எழாமலே சொன்னார்.

"நாளைக்கு வாம்மா. இது நாலாவது."

ஓபுளம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு, வந்த வழியே ஏழு கிலோமீட்டர் திரும்பி நடந்தார்.

சிற்றம்பலத்தால் நடக்க முடியவில்லை. குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. கொட்டகையில் போய் உட்கார்ந்தார்.

"அளவு கிடைச்சுதா அய்யா?" என்று கேட்டார் மாரிக்கொழுந்து.

"கிடைச்சுது. அஞ்சரை மணி."

அன்று மாலைக்குள் அவர் மூன்று சக்கரங்களை முடித்தார்.

சைக்கிள்கள் எழ எழ, ஓட்டக் கற்றுக்கொள்ளும் வேலையும் தொடங்கியது. பதினான்கு பேரில் ஒன்பது பேர் அதுவரை சைக்கிளில் ஏறியதே இல்லை. மத்தியானம் வேலை முடிந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிடங்கின் பின்பக்கத்து வெற்றிடத்துக்கு வருவார்கள். மாரிக்கொழுந்து ஒருவர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். சிற்றம்பலம் இன்னொருவர் பின்னால் ஓடுவார். ஓபுளம்மா முதல் நாள் நாலு தடவை விழுந்தார்.

தனசேகர் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பேரன் எடுத்த வயசுல சைக்கிளா?"

ஓபுளம்மா மண்ணில் உட்கார்ந்தபடியே சொன்னார். "என் பேரன் நடக்கப் பழகினப்போ நாப்பது தடவை விழுந்தான். யாரும் சிரிக்கல."

எழுந்து மறுபடி ஏறினார்.

பதினான்காவது சைக்கிளுக்குப் பெடல் மாட்டிக்கொண்டிருந்த திங்கட்கிழமை, தனசேகர் ஒரு தாளோடு வந்தார். ஒப்பந்தக்காரர் இரும்பை அமுக்கிக் கட்டியாக்கும் இயந்திரம் ஒன்றை வரவழைத்திருந்தார். தாளைத் தனசேகர் சத்தமாகப் படித்தார்.

"கிடங்கில் உள்ள பழுதான சைக்கிள்கள் அனைத்தும் வரும் வெள்ளிக்கிழமை அமுக்கப்பட வேண்டும்."

"இன்னொரு தடவை படிங்க," என்றார் மாரிக்கொழுந்து.

அவர் படித்தார்.

"பழுதானதுன்னுதானே போட்டிருக்கு? இது பதினாலும் ஓடுது."

"குப்பையா வந்ததெல்லாம் பழுதுதான்."

"அதை யார் சொல்றது?"

தனசேகர் சுற்றிலும் பார்த்தார். பெண்கள் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவருக்குச் சட்டென்று ஒரு வழி தோன்றியது.

"சார் சொல்லட்டும். முப்பது வருஷம் தரம் பாத்தவர். அவர் என்ன எழுதிக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம்."

பிறகு சிற்றம்பலத்தைத் தனியே அழைத்துப் போனார்.

"சார், பம்பை எப்படி அளந்தீங்களோ அப்படியே அளங்க. ஒரு நூல்கூடக் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்."

சிற்றம்பலத்துக்குப் புரிந்தது. அந்த அளவில் ஒன்றுகூடத் தேறாது.

மறுநாள் காலை அவர் மாரிக்கொழுந்தின் முன்னால் போய் நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"வாத்தியாரம்மா, தேறும்னு எழுதினா நான் இத்தனை வருஷம் போட்ட கையெழுத்துக்கெல்லாம் மதிப்பில்ல. தேறாதுன்னு எழுதினா இவங்க வேலை போகும். என்ன எழுதட்டும்?"

"இன்னும் பாக்கவே இல்லையே, அதுக்குள்ள எழுதுறதைப் பத்தி என்ன பேச்சு?"

"எப்படிப் பாக்கணும்?"

"கல்பாலம் வரைக்கும் போய்த் திரும்பினா ஏழு கிலோமீட்டர். ஒவ்வொண்ணா ஏறி ஓட்டிட்டு வாங்க."

செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாளும் சிற்றம்பலம் ஓட்டினார். வேகத்தடைகளில் வேண்டுமென்றே ஏற்றி இறக்கினார். கேரியரில் மணல் மூட்டை வைத்து ஓட்டினார். முதல் நாள் மாலை படியேற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் நாள் தொடை மரத்துப்போனது. திரும்பி வரும்போதெல்லாம் ஒரு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். மாரிக்கொழுந்து எட்டிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மாலை கடைசிச் சைக்கிள். ஓபுளம்மாவுக்கென்று வைத்திருந்தது. வேகத்தடையில் இறங்கும்போது முன்பக்கத்தில் 'டிக்' என்றது. இரண்டாவது வேகத்தடையிலும் 'டிக்'. சிற்றம்பலம் இறங்கி, முன்சக்கரத்தைத் தாங்கும் கவையைத் துடைத்துப் பார்த்தார். மேற்பகுதியில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல்.

மிச்ச வழியைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

"இது தேறாது."

மாரிக்கொழுந்து குனிந்து விரிசலின்மேல் நகத்தை ஓட்டினார்.

"நான்தான் மாட்டினேன்," என்றார். "பாக்காம விட்டுட்டேன்."

ஓபுளம்மா மெல்லக் கேட்டார்.

"பெயின்ட் அடிச்சா தெரியாதில்ல?"

சிற்றம்பலம் மாரிக்கொழுந்தைப் பார்த்தார்.

"தெரியாது," என்றார் மாரிக்கொழுந்து. "ஒரு நாள் இறக்கத்துல முன்சக்கரம் தனியாப் போகும். நீ தனியாப் போவ, ஓபுளக்கா."

வேறு கவை தேடினார்கள். குவியலில் இருந்ததெல்லாம் வளைந்தவை, இல்லையென்றால் துருவேறி உளுத்தவை.

"குறி போடுங்க," என்றார் மாரிக்கொழுந்து.

சிற்றம்பலம் தயங்கினார். "நாளைக்கு இது ஒண்ணைக் காட்டியே எல்லாத்தையும் தள்ளிடுவாங்க."

"போடுங்கய்யா. இதைத் தேறும்னு எழுதினா மிச்சம் பதிமூணுக்கு உங்க கையெழுத்து எதுக்கு?"

அவர் சிவப்புச் சாக்பீஸால் கவையின்மேல் ஒரு கோடு போட்டார்.

மாரிக்கொழுந்து கொட்டகைக்குள் போய்த் தன்னுடைய பச்சை நிறச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சீட்டை இறக்கி ஓபுளம்மாவின் உயரத்துக்கு வைத்தார்.

"நீ எதுல போவ கொழுந்து?"

"எனக்கு வீடு பக்கம்."

மாரிக்கொழுந்தின் வீடு நாலு கிலோமீட்டர். அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை இயந்திரத்தை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதை இயக்குபவர் வாயில் வேப்பங்குச்சியோடு நெம்புகோலுக்குப் பக்கத்தில் நின்றார். கொட்டகை முன்னால் பதினான்கு பெண்கள் பதினான்கு சைக்கிள்களின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கால் தரையில். ஒரு கால் பெடலில்.

தனசேகர் கையை நீட்டினார். சிற்றம்பலம் தாளைக் கொடுத்தார். அதில் இப்படி இருந்தது:

'பதினான்கு சைக்கிள்களை ஓட்டிப் பார்த்தேன். பதிமூன்று தேறும். ஒன்று தேறாது. பம்பின் அளவைக் கொண்டு இவற்றை நான் அளக்கவில்லை. இவை பம்புகள் அல்ல. ஏழு கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் கடக்குமா, ஏறியவரைக் கீழே போடாமல் இருக்குமா என்று பார்த்தேன். சிற்றம்பலம், தரச் சோதகர், ஓய்வு.'

தனசேகர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இதெல்லாம் செல்லாது. இறங்குங்க எல்லாரும்."

"நீங்கதான சம்மதம்னு சொன்னீங்க?" என்றார் சிற்றம்பலம்.

"இறங்கச் சொன்னேன்."

ஒருவரும் இறங்கவில்லை.

மாரிக்கொழுந்து சிவப்புக் கோடு போட்ட சைக்கிளைத் தோளில் தூக்கினார். நடந்து போய் இயந்திரத்தின் வாயில் வைத்தார்.

"இது பழுது. அமுக்குங்க."

நெம்புகோல் இறங்கியது. பெரிய சத்தம். எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சைக்கிளாகப் போனது பெட்டியளவு இரும்பாக வெளியே விழுந்தது.

"அடுத்தது?" என்றார் இயக்குபவர்.

"அடுத்தது ஆள் இருக்கிற வண்டி," என்றார் மாரிக்கொழுந்து. "ஆளோட சேத்து அமுக்கணும்."

இயக்குபவர் வேப்பங்குச்சியை எடுத்துத் துப்பினார். ஸ்விட்சை அணைத்தார்.

"ஆள் உட்கார்ந்திருக்கிறதை நான் தொடமாட்டேன் சார். எழுதிக் கொடுத்தாலும் தொடமாட்டேன்."

ஓபுளம்மாதான் முதலில் மிதித்தார். சைக்கிள் இரண்டு பக்கமும் ஆடியது, நிமிர்ந்தது, வாசலை நோக்கி ஓடியது. அடுத்தவர் மிதித்தார். அதற்கடுத்தவர்.

"கேட்டைச் சாத்து!" என்று கத்தினார் தனசேகர்.

காவலாளி கேட்டை நோக்கி நடந்தார். அவ்வளவு மெதுவாக அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்தபோது பதினான்காவது சைக்கிள் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தது.

தனசேகர் மாரிக்கொழுந்தின் பக்கம் திரும்பினார். முகம் கறுத்திருந்தது.

"அடையாள அட்டையைக் கழட்டு. இனி இந்தப் பக்கம் வராத."

மாரிக்கொழுந்து கழற்றிக் கொடுத்தார்.

"ஸ்பேனர் பை என்னோடது."

"உள்ள இருக்கிறதெல்லாம் கிடங்குச் சொத்து."

வெறுங்கையோடு மாரிக்கொழுந்து வெளியே வந்தார். சிற்றம்பலம் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தார். இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. குவியலில் மிச்சமிருந்த இருபத்தாறும் ஒவ்வொன்றாக நசுங்கும் சத்தம் சாலைத் திருப்பம் வரை கேட்டது. மாரிக்கொழுந்து ஒரே ஒரு தடவை நின்றார். பிறகு நடந்தார்.

திங்கட்கிழமை விடியற்காலை இருவரும் கிடங்குக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்து பத்துக்கு முதல் சைக்கிள் தெரிந்தது. ஐந்தேகாலுக்குள் பதினான்கும் வந்துவிட்டன. பெண்கள் வரிசையாகப் போய் விரல் வைத்தார்கள். ஒவ்வொரு விரலுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. தனசேகர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓபுளம்மா விரலை வைத்துவிட்டு அவர் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

"வாத்தியாரம்மா."

"சொல்லுங்க."

"முடிஞ்சதுக்கப்புறம் கேட்கலாம்னீங்க. கேட்கட்டுமா?"

"கேளுங்க."

"உங்க வேலை போச்சு. சைக்கிள் போச்சு. ஸ்பேனர்கூட இல்ல. வடக்கே ஊராட்சிக் கிடங்குல அறுபது சைக்கிள் கிடக்கு, அங்க போகலாம்னு சொல்றீங்க. அந்தக் கிடங்கும் இதே ஒப்பந்தக்காரர் கைக்குத்தான் போகப் போகுதாம். இந்த இயந்திரம் அங்கயும் வரும்."

"வரும். அடுத்த மாசம் இருபதாம் தேதி. அதை ஓட்டுறவர்தான் சொன்னார்."

"தெரிஞ்சுமா போகணும்? எல்லாம் நசுங்கத்தானே போகுது?"

மாரிக்கொழுந்து டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"இன்னைக்கு என்ன தேதிங்க அய்யா?"

"நாலு."

"நாப்பத்தாறு நாள் இருக்கு. எந்திரிங்க."